1843இல் அடிமை முறை ஒழிந்ததா? தஞ்சை வயலிலிருந்து தங்கவயல் வரை

அல்சூர் வாசகி

நம் படிப்பு வட்டம் அல்சூரில் வைக்கப்போகும் சிறு கண்காட்சிக்குத் தட்டிகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழ் நிலத்தில் இருந்த அடிமை முறை, அதை எதிர்த்து நின்றவர்கள், இதுதான் பொருள். முதல் தட்டியின் வரைவில் "1843ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்தியாவில் அடிமை முறை ஒழிந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்களிலும் இப்படித்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் இங்கே ஒரு முறை அலசிவிடலாம். சட்டத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது? அதற்குப் பிறகு ஆட்களைப் பிடித்து வைத்தது எது? எதிர்த்தவர்கள் குறிப்பாக என்ன செய்தார்கள்? பார்க்க வருகிறவர்களில் பலருக்கு வடஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பூர்வீகம். சொந்த ஊர் ஆவணத்தை அவர்களே தேடிக்கொள்ள வழி தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

சட்டக்குறிப்பு

அந்த வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். மொத்தம் நான்கே பிரிவுகள்.

முதல் பிரிவு: நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ குத்தகை, வரி பாக்கியை வசூலிக்கவோ எந்த அரசு அலுவலரும் ஒரு மனிதரை அடிமை என்று சொல்லி விற்கக் கூடாது. இரண்டாம் பிரிவு: ஒருவரை அடிமைச் சொத்தாகக் கருதிக் கோரும் எந்த உரிமையையும் கம்பெனி ஆட்சிப் பகுதியின் நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது. மூன்றாம் பிரிவு: சொந்த உழைப்பாலோ தொழிலாலோ வாரிசு, தானம் வழியாகவோ ஒருவருக்கு வந்த சொத்தை, அவர் அடிமை என்ற காரணத்தைக் காட்டிப் பறிக்கக் கூடாது. நான்காம் பிரிவு: சுதந்திரமான ஒருவருக்குச் செய்தால் எது குற்றமோ, அது அடிமை என்று சொல்லப்படுபவருக்குச் செய்தாலும் குற்றம்.

அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று இந்த நான்கில் எங்குமே இல்லை. அரசு விலகிக்கொண்டது, அவ்வளவுதான். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒழிப்புச் சட்டமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளையும் இலங்கையையும் தன் வரம்புக்கு வெளியே விட்டது. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில். அது 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தண்டனை ஏழாண்டு வரை.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்குள் 1859இல் 13ஆம் சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவரைக் கூப்பிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவிடலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. சொன்ன கூலியைக் கொடுக்காத முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. மைசூர், குடகு காப்பித் தோட்டக்காரர்கள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1925இல் இதை நீக்கச் சட்டம் வந்தது. குடகில் மட்டும் தனிச் சட்டம் போட்டு இன்னும் சில ஆண்டுகள் இழுத்தார்கள்.

கே.ஆர்.புரம் இளையவன்

அப்படியென்றால் 1843க்குப் பிறகு ஒரு பண்ணையாள் எழுந்து போக நினைத்தால் போயிருக்கலாமா? சட்டப்படி தடுக்க முடியாது என்றால் ஏன் போகவில்லை?

காவிரிக்கரை

நல்ல கேள்வி தம்பி. கண்காட்சியின் மையமே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில், அடிமை முறை எங்கே இறுகியிருந்தது என்று பாருங்கள். 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் இதைப் பற்றி விசாரித்தது. விவசாய அடிமைகள் நன்செய்ப் பகுதிகளில்தான் திரண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பதில்களில் தெரிகிறது. தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, மலபார், கன்னடக் கரை. புன்செய்க் காட்டில் குறைவு. காரணம் நெல். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாற்று விட வேண்டும், நாற்று முற்றுமுன் நடவு முடிய வேண்டும், கதிர் சாயுமுன் அறுக்க வேண்டும். அந்தச் சில வாரத்தில் ஆள் இல்லாவிட்டால் போகம் போச்சு. மற்ற மாதங்களில் அவ்வளவு ஆள் தேவையில்லை, முழுக்கூலி கொடுக்கவும் மனமில்லை. ஆண்டு முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில், குறைந்த செலவில், வேறெங்கும் போக முடியாமல் ஆட்கள் கிடக்க வேண்டும். பண்ணை முறை இதற்காகவே அமைந்தது.

அடிமைச் சீட்டு நீதிமன்றத்தில் செல்லாது என்று சட்டம் சொன்ன பிறகும் பிடித்து வைத்தவை மூன்று.

ஒன்று, குடியிருப்பு மனை. பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் மனைக்கட்டில். வேலையை விட்டால் அன்றைக்கே குடிசையும் போகும். சேரியின் மற்ற மனைகளும் ஏதாவதொரு மிராசுதாருடையவைதான், அடுத்தவர் ஆளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்குள் கட்டு இருந்தது.

இரண்டு, கடன். மகனின் கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் நெல்லும் பணமும் வாங்குவது வழக்கம். அந்தக் கடனோடு மகனும் அதே பண்ணையில் சேருவான். அப்பன் செத்தாலும் கணக்கு சாகாது.

மூன்று, அளவு. கூலி நெல்லாகத்தான் வரும். வாங்கும் மரக்கால் வேறு, கொடுக்கும் மரக்கால் வேறு. கொடுக்கும் மரக்காலின் அடிப்பலகை உயர்ந்திருக்கும், அளக்கும்போது தலையைத் தட்டி அளப்பார்கள். தஞ்சை அளவில் 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலுக்குக் கால்வாசி குறைந்தால் கலத்துக்கு 3 மரக்கால் போய்விடும். ஒரு நாள் கூலியில் இது கண்ணுக்குத் தெரியாது. அறுவடை முடிந்து வீட்டு நெற்குதிருக்குள் பார்க்கும்போதுதான் தெரியும். அப்போது மறுபடி கடன்.

இந்த மூன்றும் இருக்கும்வரை சங்கிலி தேவைப்படவில்லை. சவுக்கும் சாணிப்பாலும் மீறியவர்களுக்கு. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஜெயநகர் ரகு

கொடுமை நடந்ததை மறுக்கவில்லை. ஆனால் 'அடிமை முறை' என்ற சொல் நம் நாட்டுக்குப் பொருந்துமா? அமெரிக்காவைப் போலக் கப்பலில் ஏற்றிச் சந்தையில் விற்றது இங்கே கிடையாது. பண்ணையாளை வீட்டில் ஒருவராகத்தான் வைத்திருந்தார்கள், பொங்கலுக்கு வேட்டி, சேலை, நல்லது கெட்டதுக்கு நெல் என்று முறை செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எழுதிவைத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது.

ஓலைச்சுவடி

ரகு சார், கப்பலும் இருந்தது, விலையும் இருந்தது, சீட்டும் இருந்தது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருவாரூர் மாவட்டம் பேரளத்துக்குப் பக்கத்தில் திருப்பாம்புரம். மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. பஞ்சத்தில் நெல் ஒரு காசுக்கு மூன்று நாழி என்று ஏறிவிட, ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வேளாளரே விற்றுக்கொள்ளும் நிலை என்றால், நிலமே இல்லாதவர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று ஆள் விற்கும் ஆவணத்துக்கென்றே சோழர் காலத்தில் பெயர் இருந்தது. சிவன் கோயில் அடிமைகளுக்குச் சூலக்குறி பொறித்த செய்தியும் கல்வெட்டுகளில் வருகிறது.

ஆவணம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணத்துக்குப் போகலாம். சுந்தரர் தன் அடிமை என்று சொல்லித் திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவராக வந்த சிவன் நீட்டும் ஓலையைப் பக்தியை ஒதுக்கிவைத்துப் பத்திரமாகப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர் யார், யாருக்கு, தானும் தன் மரபில் வருவோரும் வழித்தொண்டு செய்வதற்கான ஒப்புதல், கடைசியில் "இவை என் எழுத்து" என்ற கையொப்பம். பிறக்காத பிள்ளைகளும் கட்டுப்படுகிறார்கள். சபையார் கேட்கும் சான்று மூன்று வகை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. கிழிக்கப்பட்டது படியோலைதான் என்று மூலவோலை வெளியே வருகிறது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒருவரை அடிமை என்று நிறுவ சபையில் நடைமுறையே இருந்தது. சட்டக்குறிப்பு எழுதிய இரண்டாம் பிரிவு மூடியது இந்த மாதிரி வாசலைத்தான்.

அடுத்தது கப்பல். டச்சுக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சை நாடு நாசமாகிப் பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். பஞ்சத்தில் ஆள் விலை சரியும், அதனால் ஏற்றுமதி பஞ்ச ஆண்டுகளில் குவிந்திருக்கிறது.

பொங்கலுக்கு வேட்டி கொடுத்தது உண்மைதான். அடுத்த போகத்துக்கும் அதே ஆள் வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

ஜெயநகர் ரகு

கல்வெட்டுச் செய்தி கனமாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓலையை நேரில் பார்த்தால் அடிமை ஓலையா, நில விற்பனை ஓலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓலைச்சுவடி

இரண்டுக்கும் சட்டகம் ஒன்றுதான். ஆண்டு, மாதம், நாள், விற்பவர், வாங்குபவர், பொருள், விலை, பெற்றுக்கொண்ட உறுதி, சாட்சிகள், எழுதியவர். நிலமானால் பொருள் வரும் இடத்தில் நான்கெல்லை வரும். ஆளானால் பெயர், சாதி, இன்னார் மகன் அல்லது மகள், சில சமயம் வயது. "நான்கெல்லை எங்கே?" என்று தேடுங்கள், அது இல்லாமல் ஆள் பெயர் இருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டிய ஓலை.

ஆண்டில்தான் பெரும்பாலும் வழுக்கும். பிரபவ, விபவ என்ற பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும், அதை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. சக ஆண்டு இருந்தால் 78 கூட்டுங்கள். நாஞ்சில் நாடு, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும், மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். எழுத்தில் ஒற்றுக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, ரகரமும் கால் குறியும் ஒரே வடிவம். அதனால் ஆள் பெயரைப் படித்ததும் முடிவு கட்டாதீர்கள், அதே ஓலையில் அந்தப் பெயர் இன்னொரு முறை வரும் இடத்தோடு ஒப்பிடுங்கள். விலை தமிழ் எண்ணில் இருக்கும். ௱௰ என்றால் 110.

அல்சூர் வாசகி

நன்றி ஐயா. முதல் தட்டியை இப்படி மாற்றுகிறோம்: "1843: அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. 1862: ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது. மனையும் கடனும் அளவும் பிடித்து வைத்தது அதற்குப் பின்னும் தொடர்ந்தது." இனி எதிர்ப்புக்கு வருவோம். 1968இல் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் குடிசையில் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது நம் வரைவில் ஒரே பத்தியாக இருக்கிறது, அது போதாது என்று தோன்றுகிறது.

காவிரிக்கரை

போதாதுதான். வெண்மணியிலிருந்து தொடங்கினால் அந்த மக்கள் எரிக்கப்பட்டவர்களாக மட்டும் நின்றுவிடுவார்கள். அவர்கள் இருபத்தைந்து ஆண்டு வென்றுகொண்டே வந்தவர்கள். அந்த வெற்றிக்குத்தான் பழிவாங்கினார்கள்.

1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. முன்னின்றவர் பி. சீனிவாசராவ். தென்கன்னடத்தில் பிறந்தவர், பெங்களூரில் படிப்பை விட்டுச் சுதந்திரப் போராட்டத்துக்கு வந்தவர். இங்குள்ள கண்காட்சியில் இவருக்கு ஒரு முழுத் தட்டி கொடுங்கள், கன்னட நண்பர்களுக்கும் காட்ட வேண்டிய பெயர். அவரோடு மணலி கந்தசாமி, களப்பால் குப்பு. "அடித்தால் திருப்பி அடி" என்பது அன்றைய முழக்கம்.

முழக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. கோரிக்கைகளைப் பாருங்கள், நான் மேலே எழுதிய மூன்றையும் ஒவ்வொன்றாகக் குறிவைத்திருக்கிறார்கள். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடி, சாணிப்பால் தண்டனை கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கூலியை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்றார்கள். அரசு முத்திரை குத்திய அளவு வந்தால் அடிப்பலகையை உயர்த்த முடியாது. 1948இல் மாயவரம் ஒப்பந்தம், கூலி உயர்ந்தது. நேரமும் தெரிந்து வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் நடவிலும் அறுவடையிலும்தான் வந்தது, மிராசுதார் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாத சமயத்தில்.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு அது சட்டமானது. குத்தகைக்கு ஐந்தாண்டு உறுதி, குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது. ஓட்டை எங்கே என்றால், ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான் சட்டம். வேலி என்றால் 20 மா, அதாவது 6⅔ ஏக்கர். நிலத்தை உறவினர் பெயரில் துண்டாக்கினால் தப்பிக்கலாம். இன்னொரு வழி, பண்ணையாளை நீக்கிவிட்டுத் தினக்கூலியாக வைத்துக்கொள்வது. அதுதான் பரவலாக நடந்தது. அடிமைப் பிணைப்பு தளர்ந்தது, கூடவே ஆண்டு முழுதும் இருந்த வேலை உறுதியும் போனது. அடுத்த சண்டை முழுக்க அன்றாடக் கூலி பற்றியதாக மாறியதற்கு இதுதான் காரணம்.

கடாரம்

ஒரு கண்ணி விடுபடுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர்கள். 19ஆம் நூற்றாண்டில் பண்ணையை விட்டுப் போக இருந்த திறந்த வாசல்களில் அது பெரியது. அங்கேயும் கங்காணி, முன்பணம், கடன் என்று அதே முறை காத்திருந்தது. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்ற சீட்டு: பழைய தோட்டத்துக் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும், புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் மாறலாம். 1921இல் அது ஒழிக்கப்பட்டது.

ஆனால் போனவர்கள் சங்கம் கட்டக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தஞ்சைக்காரரான மலாயா கணபதி அங்கே தொழிற்சங்கத் தலைவர். 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். மலாயாவிலிருந்து ஊர் திரும்பிய வாட்டாக்குடி இரணியன் தஞ்சைப் பண்ணையாட்களோடு நின்றார், 1950இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. சாம்பவானோடை சிவராமனுக்கும் அதே கதி. தென்பரையையும் கோலாலம்பூரையும் ஒரே தட்டியில் போடலாம்.

மாரிகுப்பம்

பெங்களூரில் வைக்கும் கண்காட்சியில் கோலார் தங்கவயல் இல்லாவிட்டால் எப்படி? தஞ்சையை மட்டும் சொன்னால் வடஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வரலாறு விட்டுப்போகும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்த பிறகு வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் திரண்டு வந்தன. ஊரில் வயல் வேலையை விட்டுப் போவதே மீறல்தான். இங்கே கூலி காசாக வந்தது. நெல் அளப்பவனின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. அந்தக் காசில் பள்ளியும் பத்திரிகையும் சங்கமும் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார், 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. மாரிகுப்பத்தில் சங்கக் கிளை வலுவாக இயங்கியது. சென்னையில் அச்சான தாளுக்குச் சந்தாவும் கட்டுரையும் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து போயின. அவர் 1914இல் மறைந்த பிறகு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வெளிவந்த காலமும் உண்டு. அடிமைப்பட்டதை மட்டும் சொல்லாமல், இந்த மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்கள், வீழ்த்தப்பட்டவர்கள் என்று தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள்.

சொர்க்கமாகவும் காட்டாதீர்கள். மூங்கில் தட்டி வீடுகள், ஒப்பந்தக்காரரின் பிடி, நுரையீரலைத் தின்ற கல்தூசு எல்லாம் இருந்தன. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முயன்றபோது பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. குற்றவாளியைப் போல ரேகை கொடுக்க மாட்டோம், ஒரு சுரங்கத்தில் நீக்கியவனை மற்றச் சுரங்கமும் சேர்க்காமல் இருக்க இது வழி என்று தொழிலாளிக்குப் புரிந்திருந்தது. 1946 நவம்பர் 4 துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிர்விட்டார்கள்.

கே.ஆர்.புரம் இளையவன்

வெண்மணித் தட்டிக்கு என்னென்ன எழுதலாம்? இணையத்தில் எண்ணிக்கை மாறி மாறி வருகிறது.

காவிரிக்கரை

இறந்தவர்கள் 44 பேர் என்று போடுங்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் பெரும்பாலானவர்கள். உள்பிரிவு எண்ணிக்கை பதிவுக்குப் பதிவு மாறுகிறது, தட்டியில் தவிர்த்துவிடுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு. அரைப்படி நெல் கூடுதல் கூலி என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து, செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேர் என்று நெருக்கினார்கள், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். கொடியை இறக்க மறுத்ததுதான் அந்த மக்களின் குற்றம். கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலக்காரர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற அளவுக்குத் தீர்ப்பில் எழுதினார்கள்.

விளைவுகளையும் போடுங்கள். கணபதியா பிள்ளை ஆணையம், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனை உடைமைச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம்தான் குடிசை நின்ற மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. வேலையை விட்டால் வீடு போகும் என்ற பிடி அப்போதுதான் சட்டப்படி அறுந்தது. 1843இலிருந்து எண்ணினால் 128 ஆண்டு.

புலம்பெயர் பட்டா

செங்கல்பட்டு, வடஆற்காடு பூர்வீகக்காரர்களுக்குப் பஞ்சமி நிலம் பற்றிச் சொல்கிறேன். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நிபந்தனை: முதல் பத்தாண்டு விற்கவே கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டு அருகே காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நூறாண்டுக்குப் பிறகும் அந்த ஆணை உயிரோடுதான் இருந்தது.

தேடும் முறை. ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் தமிழக அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலவகையும் உடைமையாளர் பெயரும் உள்ள கிராமப் பதிவேடு) எடுக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது, பழைய நிபந்தனைக் குறிப்பு நகலில் வராமல் போனது. அதனால் அந்தத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் ஆர்.எஸ்.ஆர். எனும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். டி.சி. (தாழ்த்தப்பட்ட வகுப்பார்) நிலம் என்ற குறிப்பு குறிப்புரைக் கட்டத்தில் இருக்கும். சர்வே எண் உட்பிரிவாக உடைந்திருக்கும், 112 என்று பழைய ஏட்டில் இருந்தது இன்று 112/3ஏ என்று இருக்கலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெங்களூரிலிருந்தே தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். "இந்த நிலம் பஞ்சமியா?" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் கருத்துக் கேட்பதாகச் சொல்லித் தள்ளிவிடுவார்கள். "இந்த எண்ணுக்கான இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் 19(1) பிரிவில் மேல்முறையீடு.

சட்டக்குறிப்பு

கர்நாடகத்தில் இதற்கு இணையானது 1978ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டம். அரசு அனுமதி இல்லாமல் கைமாறிய தலித், பழங்குடி மானிய நிலத்தை உதவி ஆணையர் மீட்டுத் தரலாம். தமிழ்நாட்டில் பஞ்சமிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை, அரசாணையையும் வருவாய் நிலை ஆணை 15ஐயும் வைத்துத்தான் வாதாட வேண்டும்.

மாரிகுப்பம்

ஆவணம் தேடுவோருக்கு இன்னொரு தகவல். மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி நூலகத்தில் மிஷன் பதிவுகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டுச் சேரிகளில் மனைக்காகவும் பள்ளிக்காகவும் நடந்த தகராறுகளுக்கு மிஷனரிகளின் கடிதங்கள் நல்ல சான்று. யாரை மதம் மாற்றலாம் என்ற கண்ணோடு எழுதியவை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் தேதிவாரியாக இருக்கும். சாதிப் பெயர்களைக் குமாஸ்தாக்கள் இஷ்டப்படி எழுதியிருப்பார்கள், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி இல்லை என்று எழுந்துவிடாதீர்கள்.

எலகங்கா தோழி

கடைசித் தட்டி இன்றைய நிலையைச் சொல்ல வேண்டாமா? பெங்களூரைச் சுற்றிச் செங்கல் சூளைகளிலும் கல்குவாரிகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் இன்றும் மீட்கப்படுகின்றன. அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதுங்கள்.

சட்டக்குறிப்பு

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976. அவசரச் சட்டமாக 1975 அக்டோபரிலேயே வந்தது. கடன் சட்டப்படி அற்றுப்போகிறது, 6ஆம் பிரிவு. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர், 15ஆம் பிரிவு. தொழிலாளி சீட்டுக் காட்ட வேண்டியதில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஆவணம் கேட்டது போல இங்கே யாரும் கேட்க முடியாது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் முன்பணம் வாங்கியிருப்பார் என்றே அனுமானிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது.

புகார் மாவட்ட ஆட்சியருக்கும் உதவி ஆணையருக்கும் எழுத்தில் போக வேண்டும். இடத்தின் அடையாளம், எத்தனை குடும்பம், முன்பணம் எவ்வளவு, வெளியே போக விடுகிறார்களா, வாரச் செலவுக்கு என்ன கொடுக்கிறார்கள், இவ்வளவு போதும். சூளைக்காரரிடம் முன்கூட்டிப் பேசக் கூடாது, ஒரே இரவில் ஆட்களை வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். விசாரிக்கும்போது முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஒவ்வொருவரையும் தனியாக, அவர் மொழியில் கேட்க வேண்டும். தமிழ், ஒடியா பேசுகிறவர்களிடம் கன்னடத்தில் கேட்டுவிட்டு "புகார் இல்லை" என்று எழுதினால் வேலை கெட்டது.

எலகங்கா தோழி

ஊருக்கு அனுப்பிவிட்டால் முடிந்ததா?

சட்டக்குறிப்பு

இல்லை. விடுதலைச் சான்றிதழை மீட்ட இடத்து அதிகாரியே கொடுக்க வேண்டும், பஸ் ஏறுமுன் ஒவ்வொரு பெரியவர் கையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று மட்டும் கொடுத்தால் மனைவிக்குரிய உதவி போய்விடும். 2016ஆம் ஆண்டு மத்தியத் திட்டத்தில் மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடுமையான கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம். முழுத் தொகையை வழக்கின் முடிவோடு கட்டியிருப்பதால் பலருக்கு உடனடி உதவியோடு நின்றுவிடுகிறது. முதலில் 20,000 ரூபாயாக இருந்த அந்த உடனடி உதவி பிறகு 30,000 ஆனது. ஆகவே முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் கூலித் தகராறு என்று எழுதி முடிக்க விடாதீர்கள். சான்றிதழில் "கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம்" என்ற பெயர், அதிகாரியின் முத்திரை, தேதி, சொந்த மாவட்டம் நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். பெயர் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் ஊர் கருவூலத்தில் பணம் நிற்கும்.